லவாரின் ஜாடி

சமையலறையில் தகர டப்பா குலுங்குகிறது. கடகடவென்று ஒரு சுற்று, பிறகு அமைதி. அப்புறம் ஒரு பெண்ணின் அலுத்துக்கொண்ட குரல்.

"இதுவும் பழுப்புதான் அண்ணே!"

"கண்ணை மூடிக்கிட்டுதானே எடுத்தே?"

"இறுக்கி மூடிக்கிட்டேன்."

"அப்ப அவ்வளவுதான் உன் கதை. கறுப்பு மலைக்கு மனு போடாதே. போய் கடையில மாட்டுக்கறி வாங்கிச் சாப்பிடு."

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஷௌனா சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், "மனுஷன் வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

யூட்டாவில், எங்கள் பள்ளத்தாக்கில், எல்க் மான் வேட்டைக்கு அரசு குலுக்கலில் தரும் அனுமதிச் சீட்டுக்கு மனு போடும் வசந்த காலம் வந்துவிட்டால் லவார் ஹட்ச்சின் வீட்டில் இதே நடமாட்டம்தான். முப்பது வருடம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பியைச் சாப்பாட்டு ஜெபத்துக்கு மட்டும் கழற்றுவார். தன் வாய்ப்பு எவ்வளவு என்று யார் கேட்டாலும் காகிதம் எடுக்க மாட்டார். தகர டப்பாவில், போட்டிக்கு நிற்கும் மற்றவர்களுக்கு ஈடாகப் பழுப்பு பீன்ஸ் கொட்டைகளைக் கொட்டி, கேட்டவர் கையிலுள்ள புள்ளிகளுக்கு ஈடாக வெள்ளைக் கொட்டைகளைப் போட்டு, குலுக்கி நீட்டுவார். வெள்ளை வந்தால் சீட்டு விழும். "எடு. அதைவிடத் தெளிவா எனக்குச் சொல்லத் தெரியாது."

சீட்டு விழாத ஒவ்வொரு வருடமும் ஒரு புள்ளி சேரும். சீட்டுகளில் பாதி, அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்குத்தான். ஆகவே எங்கள் ஊரில் மனிதர்கள் புள்ளிகளோடு சேர்ந்தே கிழவர்களாகிறார்கள். அதிர்ஷ்டம் என்ற சொல் லவாருக்கு ஆகாது. அவர் முன்னால் அதைச் சொன்னால், "அது எங்கே விக்குது? எனக்கும் அரைக் கிலோ வாங்கிட்டு வா" என்பார். மழை, பிஸ்கட் மாவு எழும்புமா எழும்பாதா, பிஷப்பின் மகன் கல்யாணம் நிலைக்குமா, எல்லாவற்றுக்கும் பத்தில் இத்தனை என்று சொல்வார். காலையில் செய்தித்தாளில் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புகளை. தன்னைவிட அதிகப் புள்ளி வைத்திருந்த எவராவது போய்ச் சேர்ந்திருந்தால் தொப்பியைத் தொட்டு, "நல்ல மனுஷன்" என்பார். வருத்தம் உண்மையானதுதான். ஒரு படி ஏறியதும் உண்மைதான்.

அடுப்புக்கு மேல் அலமாரியில், பீச் பழம் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கிறது. உள்ளே வெள்ளைக் கொட்டைகள், இருபத்து நான்கு. அவருடைய சொந்தப் புள்ளிகள். அடியில் கிடப்பவை மஞ்சள் பாரித்துவிட்டன. அந்த ஜாடியை அவர் யாருக்காகவும் குலுக்கியதில்லை. பெரிய எல்க் மான்கள் திரியும் கறுப்பு மலைக்கு எத்தனை புள்ளி தேவையோ அந்தக் கோடு வருடாவருடம் அவருக்கு ஒரு முழம் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம்தான் எட்டிப் பிடித்திருக்கிறார். "இது வாய்ப்பு இல்லை, கணக்கு" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். மனு போட இன்று கடைசி நாள்.

வாசலில் லாரிக் கதவு சாத்தும் சத்தம். படியேறும் காலடி. நின்றது. மறுபடி ஒன்று. மறுபடி நின்றது. வாசலில் இருப்பது மூன்றே படிகள். லவார் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

வந்தவர் டெவான், லவாரின் பழைய கூட்டாளி. இருவரும் மனு போடத் தொடங்கியது ஒரே வருடம். மனைவி நெல்டா படுக்கையில் கிடந்த காலத்தில் டெவான் தொடர்ந்து மூன்று வருடம் மனு போட மறந்துவிட்டார். சேர்த்த புள்ளியெல்லாம் சட்டப்படி அழிந்தது. நெல்டாவும் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு முறைகூட முனகி நான் கேட்டதில்லை.

"ஏன்டா வாசல்லயே நின்னுட்டே?" என்றார் லவார்.

"பூட்ஸ் கயிறு அவுந்துபோச்சு. கட்டினேன்."

லவார் குனிந்து பார்த்தார். டெவான் போட்டிருந்தது கயிறே இல்லாத மாட்டுக்காரர் பூட்ஸ். நானும் பார்த்தேன். டெவான் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"மனு போட்டாச்சா கிழவா? கறுப்பு மலையில நீ சுட்டா கறி சுமக்க நான் வர்றேன்னு சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"உக்காரு முதல்ல. சாக்லேட் பால் குடி."

மூவரும் சமையலறைக்குப் போனோம். டெவான் மேசையருகே உட்கார்ந்தார். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, விளையாட்டுப்போலக் கேட்டார்: "ஏய் கணக்குப்புலி, அடுத்த வசந்தத்துல நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்க என்ன வாய்ப்பு? டப்பாவைக் குலுக்கு பார்ப்போம்."

லவார் டப்பாவைத் தொடவில்லை.

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"இதயம் பழைய இன்ஜின் மாதிரியாம். இந்த இலையுதிர் காலத்துக்கு ரோடு இருக்கிற மலைன்னா பரவாயில்லையாம். அடுத்த வருஷத்தைப் பத்திக் கேட்டா, மனுஷன் என் பேத்தியைப் பத்தி விசாரிக்கிறாரு."

லவார் எழுந்தார். அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்து மேசையில் கவிழ்த்தார். கொட்டைகள் சிதறி ஓடின. ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம் என்று விரலால் தள்ளத் தொடங்கினார். சீட்டுக் கட்டுப் பிரிப்பவர் போல நிதானமாகத் தள்ளினார்.

டெவானுக்குப் புரிந்துவிட்டது. "டேய், வேணாம். சேர்ந்து மனு போட்டா ரெண்டு பேர் புள்ளியையும் கூட்டி ரெண்டா வகுத்துருவான். என்கிட்ட இருக்கிறது பூஜ்யம்டா. உன் இருபத்து நாலு பன்னண்டாயிரும். கறுப்பு மலை போச்சு!"

"கறுப்பு மலையில ரோடு இல்லை."

"உனக்கென்ன கிறுக்கா?"

"காப்பர் பள்ளத்துக்குப் பன்னண்டு வச்சு முயற்சி பண்ணலாம். அங்க மலை உச்சி வரைக்கும் லாரி போகும்."

"அங்க இருக்கிறது என்ன, கன்னுக்குட்டி சைஸ் எல்க்! சரி, பன்னண்டுக்கு அங்க நிச்சயமா கிடைக்குமா?"

"பாதிக்குப் பாதி."

"நிச்சயத்தை விட்டுட்டுப் பாதிக்குப் பாதியா? நீயா?"

லவார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "உன் வேட்டைக்காரர் நம்பரைச் சொல்லு" என்றார். டெவான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். லவார் ஒற்றை விரலால் தட்டினார். முதலில் டெவானுடையது, பிறகு தன்னுடையது. கடைசிப் பொத்தானுக்கு மேல் அந்த விரல் சற்று நின்றது. அழுத்தியது.

புறப்படும்போது டெவானின் சட்டைப் பையில் தன் கொட்டைகளில் பாதியைப் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டார்.

"பார்க்கலாம்டா. அதிர்ஷ்டம் இருந்தா" என்றார் டெவான்.

நான் லவாரைப் பார்த்தேன். அவர் அந்தச் சொல்லைக் கண்டிக்கவில்லை.

டெவான் படியிறங்கினார். ஒரு படி. நின்றார். லவார் கதவின் பிடியில் கை வைத்தபடி, வெளியே பார்க்காமல் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் படி. மூன்றாம் படி. லாரிக் கதவு சாத்தி, இன்ஜின் உறுமி, சத்தம் தெருமுனை திரும்பிக் கரைந்தது. அதன் பிறகுதான், ஓசை எழாமல், கதவைச் சாத்தினார்.