வீடு என்றால் காரா

மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். இன்று மந்தைவெளியில் புரோக்கர் ஒரு வீட்டைக் காட்டினார். வாடகையைக் கேட்டதும், வேலைக்காகக் கற்கும் ஸ்பானிஷ் வாயில் வந்துவிட்டது.

"காரா!"

"இன்னாம்மா, காரமா?"

"இல்லண்ணா, ஸ்பானிஷ்ல விலை ஜாஸ்தின்னா காரோ. அங்க வீடு பொம்பள, அதனால காரா."

"வூடே பொம்பளயா? நல்லா கீதே! இங்க ஓனரு, தனியா கீற பொம்பளைக்கு வூடே தர மாட்டேன்றாரு."

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். படி இறங்கும்போது அழுகை வந்தது.

மலிவு என்பதற்கு ஸ்பானிஷில் பராத்தோ. வீடு மலிவு என்றால் பராத்தா. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அப்படி ஒன்று மயிலாப்பூர் பக்கம் கிடைக்குமா?

தயவுசெய்து ஓட்டல் பெயரைச் சொல்லாதீர்கள்.