பக்கத்து இருக்கையில் முனகல்

1. குளிர்கால நோய்

சுவிஸில், வில் நகரத்து டயர்க் கடையில் நான் சேர்ந்த முதல் நாள், செஃப், அதாவது எங்கள் முதலாளி, வாசலில் நின்று "விண்டர்ப்னொய்!" என்று கத்தினார். என் காதில் 'நோய்' மட்டும்தான் விழுந்தது. யாருக்கோ வருத்தம் என்று ஓடிப்போனால், குளிர்கால டயர் அடுக்கக் கூப்பிட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த நோயைத்தான் கழற்றிப் பூட்டினேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க ஒரு சம்பவம் இருக்கிறது. பேய் பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இப்போதும் சிரிப்பேன், ஆனால் பகலில் மட்டும்.

நவம்பர் கடைசி. ஒரு கிழமையாக மூடுபனி இறங்கி நின்றது. எங்கள் கொடிக்கம்பம்கூடப் பாதிக்கு மேல் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண்ணின் பெயர் தர்சினி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மேலே டொக்கன்பூர்க் மலைப்பக்கத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. காரில் இன்னும் சமர் டயர், கோடைக்குப் போடுவது. பின் இருக்கையை மடித்து, பழைய விண்டர் டயர்களையும் ஏற்றி வந்திருந்தாள்.

"அங்கிள், சமர் டயரோடயே இந்தக் குளிர்காலத்தையும் ஓட்டேலாதோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மலைக்குப் போற பிள்ளை கேக்கிற கேள்வியோ இது? குளிருக்குச் சமர் டயர் மரக்கட்டை மாதிரி விறைச்சுப்போகும். பிரேக் பிடிச்சா வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்துக்கைதான் நிக்கும்."

அவளுடைய விண்டர் டயர்களை அளந்து பார்த்தேன். டயர்க் கோடுகளின் ஆழம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. சட்டம் விடும், பனி விடாது. ரப்பரும் கிழடு தட்டி வெடித்திருந்தது. சமர் டயர்களும் வசந்தத்தில் மாற்ற வேண்டியவைதான். ஆக இரண்டு செட்டுமே புதிதாக வேண்டும். எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் போடலாமா என்று கேட்டாள். கீழே டவுனுக்குள் ஓடுவதென்றால் சரி, அந்த ஏற்றத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்றேன்.

அவள் காரைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"டயர் மாத்தினா அப்பா போயிடுவாரோ எண்டு பயமாயிருக்கு."

அவளுடைய அப்பாவும் அதே இல்லத்தில்தான் சமையலறை வேலை செய்தவர். தினமும் மகளின் பக்கத்து இருக்கையில் இருந்து மலைக்குப் போவார். வசந்தத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். கோடை முடிய, காருக்குள் அவருடைய முனகல் கேட்கத் தொடங்கியதாம். வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள் இழுக்கும் ராகம். வேகம் கூடினால் கேட்குமாம், குறைந்தால் நின்றுவிடுமாம்.

நான் பின் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் கை இடறியது. டயரின் மேற்கட்டைகள் மரம் அரியும் வாளின் பல் மாதிரித் தேய்ந்திருந்தன. இப்படித் தேய்ந்தால் ஓடும்போது ஊளையிடும். அதை அவளுக்கும் தடவிக் காட்டினேன்.

"இதுதான் பிள்ளை சத்தம். புது டயர் பூட்டினா போயிடும்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றாள்.

பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து ஒரு பிள்ளையைப் பள்ளத்துக்குள் அனுப்ப முடியாது. "அம்மா வீட்டில தனிய இருக்கிறா எல்லோ? உங்களுக்கும் ஒண்டெண்டா?" என்று மட்டும் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் திறப்பைத் தந்தாள். சத்தம் நிற்கிற நேரம் தான் தனியாக இருக்க மாட்டேன், நானும் கூட வரவேண்டும் என்றாள்.

2. அறுபதுக்கு மேல்

நான்கு புது விண்டர் டயர்களையும் பூட்டி, மடித்த இருக்கையை நிமிர்த்திவிட்டு, முன்கதவைத் திறந்தேன்.

"அங்கிள், நீங்கள் பின்னால இருங்கோ."

பக்கத்து இருக்கையில் யாருமில்லை. ஆனால் பெல்ட் பூட்டியிருந்தது. தர்சினி இடப்பக்க ஸ்டியரிங்கில் இருக்க, நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மூடுபனிக்குள் ரோட்டோரக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரை ஒரு சத்தமும் இல்லை. தர்சினியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. என் கணக்குச் சரிதான் என்று ஒரு திருப்தி, ஒரு கவலை, இரண்டும் சேர்ந்து வந்தன.

அறுபதைத் தாண்டியதும் முன்னால் வலப்பக்கத்தில், அந்த வெறும் இருக்கையடியில், யாரோ முனகத் தொடங்கினார்கள்.

"ம்ம்ம்..."

சத்தியமாக எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டயர் புதுசு. நானே என் கையால் பூட்டியது.

"நிண்டிடும் எண்டு சொன்னியள்," என்றாள் தர்சினி. கண்ணாடியில் அவள் சிரிப்பது தெரிந்தது.

ரோடு இடப்பக்கம் வளைந்தது. முனகல் உரத்தது. வலப்பக்கம் வளைந்தபோது தணிந்தது. மறுபடி இடப்பக்கம் வளைய, மறுபடி உரத்தது. அப்போதுதான் எனக்கு மூளை திரும்பி வந்தது. இடப்பக்கம் திருப்பும்போது காரின் பாரம் வலது சில்லில், அந்தப் பக்கத்துச் சக்கரத்தில், இறங்கும்.

"பிள்ளை, மெதுவா ஓரத்தில நிப்பாட்டுங்கோ. உடனடியா."

3. சில்லுக்குள்

ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்து, காரை லிஃப்டில் ஏற்றினோம். முன்வலது சில்லை ஒரு கையால் சுற்றி, மறு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்தேன். விரலுக்குள் கரகரவென்று அதிர்ந்தது. சில்லை மேலும் கீழுமாக ஆட்டினால் இலேசாக ஆடியது. சில்லைச் சுழலவைக்கும் பேரிங் போய்விட்டது. தேய்ந்த பின் டயர்கள் போட்ட சத்தத்துக்குள் இது ஒளிந்திருந்திருக்கிறது.

செஃப் வந்து பார்த்துவிட்டு, "இதோடு மலையிலிருந்து இறங்கினாளா?" என்று ஜெர்மனில் கேட்டார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பேரிங் இறுகிச் சில்லு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. தர்சினிக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த நாள் புதுப் பேரிங் போட்டு, மறுபடி அதே ரோட்டில் போனோம். அறுபது, எழுபது, எண்பது. ஒன்றுமில்லை. டயரின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

தொழிலுக்கு வருகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டயரை மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு கையைக் கழுவாதீர்கள். ஒருமுறை ஓடிப் பாருங்கள். சத்தத்தைப் பேய் என்று சொன்னாலும், அப்பா என்று சொன்னாலும், சிரிக்காமல் எந்தப் பக்கம், எந்த வேகம் என்று கேளுங்கள். ஒரே சத்தத்துக்குள் இரண்டு சத்தம் இருக்கலாம்.

திரும்பி வரும்போது தர்சினியை நான்தான் தேற்றப் பார்த்தேன். "அப்பா நல்லாப் பாடுவாரோ, பிள்ளை?"

"இல்லை அங்கிள், அவருக்குப் பாட்டே வராது." பக்கத்து இருக்கையை ஒருமுறை பார்த்தாள். "நான் L போட்டு ஓடப் பழகேக்குள்ள பக்கத்தில இருப்பார். மெதுவாப் போ எண்டு ஒருநாளும் சொல்லமாட்டார், எனக்குக் கோபம் வரும் எண்டு. பயம் வந்தா இப்பிடித்தான் வாய்க்குள்ள முனகுவார்."

அவளுடைய கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது.

"எனக்குத் துணைக்கு வாறார் எண்டெல்லோ நினைச்சன். பாவம் அங்கிள், மனுசன் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்."