மஞ்சள் பொட்டு வைத்த சாமான்கள்

என் அக்காளின் கணவரை, அதாவது என் அத்தானை, எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘மோட்டார்’தான். மாடிப்படிக்கு அடியில், மூன்றாவது ஆள் வந்தால் வாசலில் நிற்க வேண்டிய கடை அவருடையது. எரிந்துபோன மிக்சி, ஃபேன், தையல் மெஷின் மோட்டார்களுக்குப் செம்புக் கம்பியில் புதிதாகக் காயில் சுற்றித் தருவார்.

ரிப்பேருக்குக் கொடுத்தவர்களை வெறுங்கையோடு போக விடமாட்டார். அடியில் மஞ்சள் பெயிண்டில் பொட்டு வைத்த பழைய சாமான் ஒன்றை நீட்டி, “அதுவரைக்கும் இத வெச்சுக்குங்க, வேலை கெடக்கூடாதுல்ல” என்பார். அவர் புண்ணியத்தில் தையல்கார அம்மாவுக்கு ஒருநாள்கூடப் பிழைப்பு நின்றதில்லை. திருப்பிக் கேட்கும் பழக்கம் மட்டும் அத்தானுக்குக் கிடையாது. யாரிடம் எது இருக்கிறது என்பதும் நினைவிருக்காது.

“உங்க கடை கடையிலயா இருக்கு? ஊர்லல்ல இருக்கு!” என்று அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள். நானும் என் பங்குக்கு, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடித் தொட்டி உடைந்து மொத்தத் தண்ணீரும் கடைக்குள் இறங்கியது. கருவிகள் பாழ். காயில் சுற்றும் கரண்ட் மெஷின் புகைந்தே போய்விட்டது. மாடியில் குடியிருக்கும் கட்டடத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“சனிக்கிழமைக்குள்ள கடையத் தொறக்கலேன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்” என்றார். உடைந்தது அவருடைய தொட்டி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் படியில் உட்கார்ந்து, “பதினெட்டு வருஷம், மாப்ளே” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தையல்கார அம்மா மஞ்சள் பொட்டு மோட்டார் ஒன்றோடு வந்தார். “உங்க சாமான், உங்களுக்கே ஆகட்டும்.” பின்னாலேயே பேக்கரிக்காரர் டேபிள் ஃபேனோடு வந்தார். கணக்கு வாத்தியார் டிரில்லும் திருப்புளிப் பெட்டியும் கொண்டுவந்து, தாமதத்துக்கு மன்னிப்பு வேறு கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கடை நிரம்பி வழிந்தது. ஆனால் காயில் மெஷின் இல்லாமல் இவையெல்லாம் இருந்து என்ன?

“கையால சுத்துற பழைய மெஷின் ஒண்ணு இருந்துச்சு, மாப்ளே. யாருக்கோ குடுத்தேன்...” அத்தான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கட்டடத்துக்காரர் புதுப் பூட்டோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி. கையில் அந்த மெஷின், அதில் பாதி சுற்றிய சிவப்புக் கம்பளி நூல்!

“நூல் சுத்தறதுக்குன்னு நான்தான் வாங்கிட்டுப் போனேன், தம்பி. மூணு வருஷமாத் திருப்பிக் குடுக்கவே இல்ல” என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க போட்டிருக்கிற ஸ்வெட்டரும் இதுல சுத்துன நூல்தான். பூட்ட உள்ள வைங்க.”

அத்தான் நூலைப் பதமாக உருண்டையாக்கி அந்த அம்மாவிடம் கொடுத்தார். செம்புக் கம்பியைக் கோத்துக் கைப்பிடியைச் சுழற்றினார். மெஷின் கடகடவென்று ஓடியது. தெருவே கை தட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான்தான். என்ன மனுஷன் இவர்!

கட்டடத்துக்காரர் அசடு வழிய, “கடைக்கு நல்ல பூட்டு இல்லையே, இத வெச்சுக்குங்க” என்று நீட்டினார்.

சாயங்காலம் பார்த்தேன், பூட்டின் அடியில் மஞ்சள் பொட்டு காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் அது பேக்கரிக் கதவில் தொங்கியது.