நடுச்சுவர்

இன்றைக்கும் யாராவது "நம்ம மனுஷா" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த சமயத்தில் என் கணவருக்கு சர்க்கார் கச்சேரியில் இருந்த குமாஸ்தா உத்தியோகம் போயிற்று. மிச்சமிருந்த ஒரே வித்தை டைப்ரைட்டிங். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு வீடு வாங்கி, கூடத்திலேயே இன்ஸ்டிடியூட் தொடங்கலாம் என்றார். இனி அதுதான் எங்கள் சாப்பாடு.

அக்காவும் அத்திம்பேரும் புதுவீடு கட்டிப் போனதில், அங்கே அக்ரஹாரத்தில் அவர்களுடைய பழைய வீடு விற்காமல் பூட்டிக் கிடந்தது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு சுவர். அதை எடுத்தால்தான் மெஷின்களைப் போட இடம். என் கணவர் நேராகவே கேட்டார், இது பாரம் தாங்குகிற சுவரா என்று.

"பாரமெல்லாம் வெளிச்சுவர்லன்னா இருக்கு! இது வெறும் மறைப்பு. இடிச்சுத் தள்ளுங்கோ," என்றார் அத்திம்பேர், சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே.

மனையடி பார்க்கிறவரை அழைத்து அறை அறையாகக் கயிறு பிடித்து அளந்தோம். எல்லாம் சுபமாம்! மச்சில் ஏறி, உத்தரம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. சொந்த அத்திம்பேர் வீட்டில் ஏணி கேட்பது அவர் முகத்தில் அடித்த மாதிரி. அப்புறம் அவர்கள் வாசற்படியை மிதிக்க முடியுமா? கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்து வீட்டை வாங்கிக்கொண்டோம். சாவி கொடுப்பதற்கு முன் அக்கா அந்தச் சுவருக்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தாள். அசடு நான், உருகிப் போனேன்.

ஆட்கள் வந்து பூச்சைக் கொத்தியதும், பழைய வெட்டுக்கல்லுக்கு நடுவே வாசல் அகலத்துக்குப் புதுச் செங்கல் தெரிந்தது. அதற்குமேல் ஒரு விரிசல், சுண்ணாம்பு வைத்து அடைத்தது. முன்பே யாரோ இடிக்கப் பார்த்து, மேலே உத்தரம் இறங்கவும் பயந்து மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! அவர்களைத் தவிர அங்கே வேறு யார் குடியிருந்தார்கள்?

ஏணி போட்டு நானே ஏறினேன். நடு உத்தரம் அந்தச் சுவர்மேல்தான் இருந்தது. என் கணவர் ஆட்களைப் போகச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்டிடியூட் அன்றோடு முடிந்தது.

அதே சூட்டோடு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன்.

"வாடி, காப்பி குடிக்கறியா?"

"தெரிஞ்சேதானே எங்க தலையில கட்டினேள்? அத்திம்பேருக்கு மனசு எப்படி வந்தது?"

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"பாவம், அவர் பயந்துண்டுதான் இருந்தார். வெளி மனுஷா வீடு பார்க்க வந்தவாள்லாம் முதல்ல ஏணியைத்தான் கேட்டா. நீங்க கேக்க மாட்டேள்னு நான்தாண்டி அவருக்குச் சொன்னேன்."