கற்பூரம் சுட்டதும் தெரியாத என் கை

போன பங்குனியில என் வலது கை மரத்துப்போக ஆரம்பிச்சது. கட்டைவிரல், அதுக்குப் பக்கத்து ரெண்டு விரல். முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்தது. அப்புறம் அதுவும் இல்ல. எனக்கு திருப்பதி போற வழியில இருக்கிற நகரி ஊர்ல பாவு, அதான் தறியோட நீளவாட்டு நூல், பிணைக்கிற வேலை. தறியில பழைய பாவு முடிஞ்சா, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் அதோட சேர்த்து முறுக்கணும். எல்லாம் விரல் பழக்கம். நான் பிணைச்ச இழையெல்லாம் தறி ஓட்டினதும் அறுந்துச்சு. "கலாக்கா, தூங்கிக்கினே முறுக்கினியா?"ன்னு தறிக்காரர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஆறாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ நான். சுரணை இல்லன்னா அது பெருவியாதி, தொழுநோய்னு எப்பவோ கேட்டிருந்தேன். அதுவேதான்னு முடிவு பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. என் தட்டு, சொம்பத் தனியா வெச்சேன். பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. பேத்தி பொறந்தா. நான் தொடவே இல்ல. "பொண்ணா பொறந்துடுச்சுன்னு கோவமாம்மா?"ன்னு அவ அழுதா. செத்துட்டா தேவலன்னு இருந்தது.

ஆடி வெள்ளி அன்னிக்கு எங்க தெரு அம்மன் கோயில்ல நின்னேன். "தாயே, இத மறைச்சு வெச்சுக்கினு என்னால வாழ முடியல. ஒண்ணு என்ன எடுத்துக்க, இல்ல யாருக்காச்சும் காட்டிக் குடு"ன்னு வேண்டினேன். கற்பூரத் தட்டு வந்தது. கண்ண மூடிக்கினு சுடர் மேல கைய வெச்சேன்.

பக்கத்துல நின்ன ஒரு அம்மா என் கைய வெடுக்குன்னு இழுத்தாங்க. "இன்னாமே, தோல் கருகுது, தெரியலையா?" அப்பத்தான் பார்த்தேன். ரெண்டு விரல்லயும் தோல் பொசுங்கியிருந்தது. அங்கயே உக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறவங்க. "டாக்டருக்குக் காட்டாம நீயே நோவுக்குப் பேர் வெச்சுட்டியா? திங்கக்கிழமை மொத பஸ்சுக்கு வா"ன்னாங்க.

அந்த ஆஸ்பத்திரியில டாக்டரம்மா மணிக்கட்டத் தட்டினாங்க, ஊசியால குத்திப் பார்த்தாங்க, நரம்புக்குக் கரண்டு வெச்சுப் பார்த்தாங்க. மணிக்கட்டுல நரம்பு அமுங்கிப் போயிருக்குதாம். வருஷக்கணக்கா முறுக்கினதால இருக்கும்னாங்க. "பெருவியாதி இல்லம்மா. அதுவா இருந்தாலும் மாத்திரையில குணமாவும். நாளக் கடத்தினதுதான் தப்பு." ஓன்னு அழுதேன்.

கைக்கு ஆபரேஷன் ஆச்சு. சுரணை பாதிதான் திரும்பியிருக்கு. மீதி வருமான்னு சொல்ல முடியாதாம். பாவு வேலைக்கு இனி போகக் கூடாதாம். என்ன பண்ணப் போறேன்னு தெரியல. இப்பவும் பயந்துக்கினுதான் இருக்கேன். ஆனா நான் வாயத் தெறக்காம கிடந்தப்ப அம்மன்தான் காட்டிக் குடுத்தா. இத எழுதறப்ப பேத்தி என் மடியில இருக்கா. உங்களுக்கும் மறைச்சு வெச்ச பயம் இருந்தா அவகிட்ட அழுங்க. அழுதுட்டு எழுந்து டாக்டர்கிட்ட போங்க. அவ கூட வருவா.