இனிஷியலுக்குப் பெட்டி இல்லை

உலகத்துக்கு உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்கள் விஞ்ஞானிகள். அந்த உண்மைக்கு நாலு பக்கமும் ஒரு அங்குலம் மார்ஜின் விட்டு அனுப்பி வைப்பவர்கள் டிடிபி சென்டர்காரர்களாகிய நாங்கள்.

நான் கோட்டக்குப்பத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷினோடு கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து எல்லாம் அடித்திருக்கிறேன். அதற்கெல்லாம் வந்தவர்களில் யாரும் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்ததில்லை. ஆய்வுக் கட்டுரை அடிக்க வந்தவர்கள்தான் வைத்தார்கள். கீபோர்டில் விரல் தேய்ந்த சக பாவிகளே, உங்கள் கடையிலும் இப்படி ஒரு கைடு சார் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படித்துப் பாருங்கள், ஆள் மட்டும்தான் வேறாக இருக்கும்.

என் கைடு சாருக்கு வீடு விழுப்புரம், வேலை திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில். தாவரவியல் பேராசிரியர், பிஎச்.டி. மாணவர்களுக்கு வழிகாட்டி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் எங்காவது முதல் பெயராகப் போடச் சொல்லுவார்.

டபுள் ஸ்பேஸ்

ஆய்வுப் பத்திரிகைகள் கட்டுரையைத் தபாலில் மூன்று பிரதி கேட்ட காலம் அது. எப்படி அடித்து அனுப்ப வேண்டும் என்ற விதிமுறைத் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார் கைடு சார். அதில் ‘டபுள் ஸ்பேஸ்’ என்று இருந்தது. வரிக்கு வரி இரட்டை இடைவெளி விட்டு அடித்துக் கொடுத்தேன். பார்த்ததும் முகம் சுளித்தார். ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் ஸ்பேஸ் பாரை இரண்டு தடவை தட்ட வேண்டுமாம், அதுதான் டபுள் ஸ்பேஸாம். “சார், அது வரிக்கு சொல்றது” என்றேன். “பிஎச்.டி. பண்ணது நானா நீயா?” என்றார். கடை நிறைய ஆள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று வரிகளை நெருக்கி, வார்த்தைகளை விலக்கி, கட்டுரை முழுக்கப் பல் விழுந்த வாய் மாதிரி ஆக்கிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கட்டுரை அப்படியே திரும்பி வந்தது. யாரும் படிக்கவே இல்லை. டபுள் ஸ்பேஸில் இல்லை என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள். கைடு சார் அந்தக் கடிதத்தை என் மேஜைமேல் அறைந்தார். “நீங்கதானே சார் அப்படி அடிக்கச் சொன்னீங்க?” என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

“நான் சொன்னா செஞ்சிட்றதா? உனக்குன்னு ஒரு அறிவு வேணாம்?”

கெடாரில் கேதுரு மரம்

மேரி என் கடைக்கு வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. சான்றிதழில் உள்ள பெயர் ஜெ. ஆரோக்கியமேரி. கெடார்க்காரப் பெண். ‘ஜெ’ அவள் அப்பா ஜெபமாலை. கைடு சாரிடம் ஆராய்ச்சி மாணவி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் இலையில் கரும்புள்ளி விழுந்து செடியே மொட்டையாகிப் போகும் நோய்தான் அவள் பாடம். அப்பாவின் நிலத்திலேயே பாத்தி பிரித்து, ஐந்து வருஷம் வெயிலில் குந்தி இலை இலையாக எண்ணியிருந்தாள். அவள் பெயரை முதல் பெயராகப் போட்டு ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தால்தான் பல்கலைக்கழகம் ஆய்வேட்டைக் கையில் வாங்கும். கெடுவை ஒரு முறை நீட்டித்தாகிவிட்டது, இனி நீட்டிக்க மாட்டார்கள். தவறினால் பதிவு ரத்து, ஐந்து வருஷமும் போச்சு.

அவளுடைய கட்டுரையை அடித்து முடித்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி ஜெராக்ஸ் பார்க்கும் சேகரை உட்கார வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். கம்ப்யூட்டருக்குக் கெடார் என்ற ஊர் தெரியுமா? Kedar-க்குச் சிவப்புக் கோடு போட்டு, கேதுரு மரத்தைக் குறிக்கும் ‘சீடர்’ (Cedar) என்று திருத்தட்டுமா என்று கேட்டிருக்கிறது. இவனும் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரே அமுக்கு. அப்படியே போய்விட்டது. தென்னிந்தியாவில் சீடர் மரத்தடியில் நிலக்கடலை பயிரிடும் வழக்கம் எந்தப் பகுதியில் உள்ளது என்று பரிசீலித்தவர் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார். அதில் இரண்டு மாதம் வீண். சேகரைக் கண்டபடி திட்டினேன். மேரி திட்டவில்லை. தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கேதுரு மரத்த நான் பைபிள்லதான்க்கா படிச்சிருக்கேன். எங்க ஊர்ல நிக்கறது வேப்பமரம்தான்.”

யார் முதல்?

திருத்தி முடித்த பிரதியைப் பார்க்க வந்த கைடு சார் ஆசிரியர் பெயர்களை மாற்றச் சொன்னார். முதலில் அவர். அடுத்து வேறொரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் அவர் மனைவி. அடுத்து கல்லூரி முதல்வர். கடைசியில் மேரி. சாரின் மனைவி மல்லாட்டையை வறுத்துப் பார்த்திருப்பாரே தவிர, செடியில் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். முதல்வருக்கு இப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது.

மேரி பையிலிருந்து பல்கலைக்கழகச் சுற்றறிக்கையை எடுத்து, ‘மாணவர் பெயர் முதலில்’ என்ற வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தினாள். அவருக்கு வேறு வழியில்லை. மாணவி பட்டம் வாங்கினால்தான் கைடுக்கும் கணக்கில் ஒன்று கூடும். மேரியை முதலில் போடச் சொல்லிவிட்டு, மற்ற மூன்று பெயரும் இருக்கட்டும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “மேடம் எந்தப் பாத்தியில சார் வேலை பாத்தாங்க?” என்று கேட்டுவிட்டேன். எழுந்து நின்றுகொண்டு சொன்னார்:

“நீ டைப் அடிக்கற பொம்பள. அடிக்கறதோட நிறுத்திக்க.”

சிவப்பு நட்சத்திரம்

அதற்குள் காலம் மாறி, கட்டுரையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இரண்டு பெட்டி. ஒன்று ஃபர்ஸ்ட் நேம், இன்னொன்று லாஸ்ட் நேம். இரண்டாவதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடாது. இனிஷியலுக்குப் பெட்டியே இல்லை. நம் ஊரில் யாருக்கு லாஸ்ட் நேம் இருக்கிறது? நமக்கு இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பாவின் ஒரு எழுத்து, ஒரு புள்ளி. “இனிஷியல விரிச்சிப் போடு, அதான் லாஸ்ட் நேம்” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைடு சார். நாலு பேருக்கும் அப்படியே போட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கப் பிரதி வந்தது. நாலு பேரும் அப்பன்மாராக மாறியிருந்தார்கள். அந்தப் பத்திரிகையில் லாஸ்ட் நேம்தான் முழுசாக வரும், சொந்தப் பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கிவிடும். ஆரோக்கியமேரி இருந்த இடத்தில் ‘ஜெபமாலை ஏ.’ கைடு சார் பேனாவை எடுத்தார். தன் பெயரைத் திருத்தினார், மனைவி பெயரைத் திருத்தினார், முதல்வர் பெயரை இரண்டு தடவை சரிபார்த்தார். பேனாவை மூடினார். “மேரி பேரு சார்?” என்றேன். அவளைக் கேட்காமல் மாற்றினால் அதற்கொரு பேச்சு வரும், அவள் செல்லுக்கு லைன் கிடைக்கவில்லை, அனுப்ப இன்றே கடைசி நாள் என்று அடுக்கினார். செல் கிடைக்கவில்லை என்று அவர்தான் சொன்னார். நான் ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. கடையில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் அந்த மனிதர் எழுந்து போனால் போதும் என்றிருந்தது. பட்டனை அழுத்திய விரல் என்னுடையது. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

“அது கெடக்குது, ஜல்தி அனுப்பு. அப்பன் பேருதான, வேற யார் பேரோ இல்லையே.”

அந்த ஜெபமாலை யார்?

கட்டுரை வந்தது. மேரி அதை ஆய்வேட்டோடு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கெடு முடிய நாலு நாள் இருந்தது. பிரிவு எழுத்தர் கட்டுரையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். இதை எழுதியவர் ஜெபமாலை, நீங்கள் ஆரோக்கியமேரி, உங்கள் கட்டுரை எங்கே என்று கேட்டாராம். அது என் அப்பா பெயர் என்று மேரி சொன்னதுதான் வம்பாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்:

“‘உங்கப்பா எழுதன கட்டுரைக்கு உனுக்கு எப்பிடிம்மா பட்டம் குடுக்கறது? அவரயே வந்து வாங்கிக்கச் சொல்லு’ன்றாருக்கா.”

உறுதிமொழி

கடைசியில் எழுத்தர் ஒரு வழி சொன்னார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று மேரி நோட்டரி முன் எழுதித் தர வேண்டும். ஜெபமாலை உயிரோடு இருப்பதால், மேற்படி கட்டுரையை நான் எழுதவில்லை என்று அவரும் எழுதித் தர வேண்டும். தன் நிலத்தில் மல்லாட்டை போட்ட பாவத்துக்கு ஒரு விவசாயி, நான் விஞ்ஞானி இல்லை என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்ய வேண்டும்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளையே கிழித்திருப்பேன்.

மறுநாள் காலையில் ஜெபமாலை கடைக்கு வந்தார். கழனியிலிருந்து நேராக வந்திருக்கிறார், காலில் சேறு காய்ந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அடித்ததை வாசித்துக் காட்டினேன். ‘ஜெபமாலை ஆகிய நான் மேற்படி கட்டுரையை எழுதவில்லை என்றும், அதில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்றும்...’ என்று படித்துக்கொண்டிருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். மேரி பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“எழுதலன்னு மட்டும் போட்டா எப்பிடிம்மா? நெலம் என்னுது, மல்லாட்ட என்னுது, அதுல வந்த சீக்கும் என்னுது, எழுதனது மட்டும் எம்பொண்ணுன்னு போடு. கையெழுத்து போட்றேன்.”

அவர் சொன்னபடியே ஒரு வரி சேர்த்து அடித்தேன். நோட்டரி முணுமுணுத்துக்கொண்டே சீல் வைத்தார். கெடு முடியும் நாளில் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்கள்.

திருத்தம்

மேரி டாக்டர் ஆகிவிட்டாள். ஆனால் இணையத்தில் அவள் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு கட்டுரையும் வராது. வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த முத்திரைத்தாளின் நகலையும் கொண்டுபோய், இது நான், இது என் அப்பா என்று விளக்கிக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டுப் பத்திரிகைகளோ, அன்புள்ள டாக்டர் ஜெபமாலை அவர்களே, எங்களுக்கும் ஒரு கட்டுரை தாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியபடி இருக்கின்றன.

பெயரைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. நான்கு ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கேட்டால் திருத்தம் வெளியிடுவோம் என்று பத்திரிகை எழுதியது. கடிதத்தை நானே அடித்தேன். ஒரு நாள் கடையைச் சேகரிடம் விட்டுவிட்டு மேரியோடு திண்டிவனம் போய் கைடு சார் முன்னால் நின்றேன். படித்துப் பார்த்தார். திருத்தம் என்று ஒன்று வந்தால் கட்டுரைக்கே களங்கமாம். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அவர் பதவி உயர்வு வாங்கியிருந்தார். “உங்க பேரத் திருத்தனப்போ களங்கம் இல்லையா சார்?” என்று அந்த அறையே கேட்கும்படி கத்தினேன். தாளை மடித்து மேரி கையிலேயே கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் நிரப்பிய பெட்டிதானே இது, நான் அழுத்திய பட்டன்தானே. மேரி அந்தக் கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“நீங்க தெரியாம போட்டுட்டீங்கக்கா, அது தப்பு, அவ்ளோதான். அவரு பாத்துக்கினே இருந்து உட்டாரு பாருங்க, அதத்தான் மன்னிக்க முடியல.”

விஞ்ஞானிகளோடு பதினைந்து வருஷம் மாரடித்ததில் நானாகக் கண்டுபிடித்த உண்மை ஒன்றே ஒன்றுதான்: தப்பை அச்சில் ஏற்ற டைப் அடிக்கும் பொம்பளையின் ஒரு விரல் போதும், அதை இறக்க மட்டும் நாலு படித்தவர்களின் கையெழுத்து வேண்டும்.