கரையில் இரண்டு பேர்

வாடகைப் படகை முதன்முதலாக ஓட்டி வருகிறவனைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். தலையில் தொப்பி புத்தம் புதிதாக இருக்கும். நடுக்கடலில் ராஜா மாதிரி நின்றிருப்பான். துறைக்குள் நுழைந்ததும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் மனைவியைத் திட்ட ஆரம்பிப்பான். பரந்த கடலில் யார் வேண்டுமானாலும் கேப்டனாக இருக்கலாம். பக்கக் காற்று தள்ளும்போது, இரண்டு படகுகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில், பின்பக்கமாக வந்து நிறுத்தும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். படகுக்குப் பிரேக் கிடையாது என்பதே பலருக்கு அங்கே வந்துதான் உறைக்கும்.

அப்படி வருகிறவர்களைச் சைகை காட்டி உள்ளே வரவைப்பதும், அவர்கள் வீசுகிற கயிற்றை வாங்கித் துறை மேடையிலுள்ள இரும்புக் குற்றியில் கட்டுவதும் கயிற்றக்காவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. துறையில் எல்லோருக்கும் அவள் கயிற்றக்காதான். பாதிப் பேர் கயிற்றைத் தண்ணீரில் வீசுவார்கள், மீதிப் பேர் அவள் முகத்தில். இரண்டுக்கும் அவள் ஒரே வசவைத்தான் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

அவள் வைத்த கறாரான விதி ஒன்று உண்டு. கரையில் ஒரே ஆள்தான் சைகை காட்ட வேண்டும். இரண்டு பேர் காட்டினால் புதுக் கேப்டன் குழம்பி, மூன்றாவது வழியில் போய் இடிப்பான்.

அதனால்தான் அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. ஒரு நாள், கோணல்மாணலாக வந்து சேர்ந்த ஒரு தாடிக்காரன் எரிந்து விழுந்தான்.

“ஏன்க்கா, நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கையக் காட்டினா நான் எங்கதான் வர்றது?”

“எந்த ரெண்டு பேரு?”

“அதோ, கடைசியில நிக்கிறாரே… இப்பதானே நின்னாரு. நீலச் சட்டை.”

மேடையின் கடைசியில் ஈ காக்கை இல்லை. பட்டப்பகல் வெயில் காங்கிரீட்டில் காய்ந்துகொண்டிருந்தது.

நீலச் சட்டை அவள் தம்பியுடையது. அவளுக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவன் அவன்தான். படகு சுவரை நெருங்கினால் மேடை விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டித் தள்ளிவிடுவான். “தண்ணியில படகு லேசுதான்க்கா, கால வச்சா போதும்” என்று சிரிப்பான். வேண்டாமென்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டதை அவன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மிதக்கும்போது லேசாக இருக்கும் படகு, சுவரோடு சேர்த்து நசுக்கும்போது டன் கணக்கில் கனக்கும். ஒரு நாள் ஒரு புதுக் கேப்டன் பதறிப்போய் எஞ்சினை முழு வேகத்தில் பின்னால் விட்டான். கால் மாட்டிக்கொண்டது, ஆள் இடுக்கில் விழுந்தான். படகு அடுத்த அலைக்குத் திரும்பவும் சுவருக்கு வந்தது. மேடையின் கடைசி இடத்தில்.

தாடிக்காரன் சொன்னதைக் கேட்டு அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வயிறு குளிர்கிற சந்தோஷம். யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசிக் குற்றி ஆடுகிறது, அங்கே எதையும் கட்டாதீர்கள் என்று துறை ஆபீசில் ஒரு பொய்யைச் சொல்லி அந்த இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டாள். மாலை டீயை அங்கே உட்கார்ந்துதான் குடித்தாள். அவனைப் பார்த்ததாக வேறு யாராவது சொன்னால், சும்மா கேட்பது போலக் கேட்பாள்: “ஆளு எப்படி இருந்தான்? சிரிச்சானா?”

“சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிட்டாரு.”

அப்படிச் சொன்னவர்களில் ஒருத்திக்குக் கால் நகம் பெயர்ந்திருந்தது. இன்னொருவன் கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டு போனான். தம்பி இல்லாவிட்டால் இதைவிட மோசமாக ஆகியிருக்கும் என்று அவளே தனக்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள்.

காற்று பேயாக அடித்த ஒரு மத்தியானம், ஒரு புதுத் தொப்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். துறை வாசலிலேயே மிதவையை இடித்துவிட்டு வந்த ஆள். கயிற்றக்கா நடு இடத்துக்குக் கை காட்டினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. படகு திரும்பிக் கடைசி இடத்தை நோக்கிப் பின்னால் வர ஆரம்பித்தது.

நேராக வந்தது. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் காற்றில் அவளே ஓட்டியிருந்தாலும் படகு கோணியிருக்கும். இதுவோ கயிறு கட்டி இழுத்தது போல வந்தது. பின்விளிம்பில் உட்கார்ந்திருந்த மனைவி, காலி மேடையில் யாரையோ பார்த்துத் தலையாட்டினாள். “சரிங்க… சரிங்க” என்றாள். பிறகு இரண்டு கால்களையும் வெளியே நீட்டினாள்.

“கால உள்ள இழும்மா!” கயிற்றக்கா கத்திக்கொண்டே ஓடினாள். அந்தப் பெண் திரும்பவில்லை. சுவருக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீர் சுருங்கிக்கொண்டே வந்தது.

இவளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கயிற்றக்கா காலி இடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“டேய்! லேசு இல்லடா அது! அந்தக் கால்தான்டா உன்னக் கொன்னுச்சு! நீ செத்துட்டடா!”

அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை.

இழுத்துப் பிடித்த கயிறு அறுந்தாற்போலப் படகு கோணியது. அந்தப் பெண் தூக்கிவாரிப் போட்டுக் கால்களை இழுத்துக்கொண்டாள். படகு சுவரில் மோதியது. விலாவில் இடிதாங்கியாகத் தொங்கிய காற்றுப்பை வெடித்து, காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. புதுத் தொப்பி தண்ணீரில் மிதந்தது. தொப்பிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

கயிற்றக்கா அந்தப் பெண்ணை மேடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் தன் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அவர்தான்க்கா சொன்னாரு. லேசுதான், கால வச்சா போதும்னு.”

“சிரிச்சுக்கிட்டா?”

“ஆமா. நீங்க கத்தினதும் உங்களையே பாத்தாரு. ஒண்ணும் புரியாத மாதிரி. அப்புறம் குனிஞ்சு தன் காலப் பாத்தாரு. யாருக்கா அவரு?”

கயிற்றக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தொப்பிக்காரன், படகுக்குப் பட்ட அடியைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்து அவளையே சமாதானப்படுத்தினான்.

மறுநாள் ஆபீசுக்குப் போய், குற்றி ஆடவில்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது என்றாள். எஞ்சின் செத்துப்போன ஒரு பழைய படகை இழுத்து வந்து கடைசி இடத்தை அடைத்தார்கள். முன்னும் பின்னும் கயிற்றை அவளே கட்டினாள். கடைசி முடிச்சை இறுக்கும்போது ‘போய்ட்டு வா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“போடா கண்ணா” என்றாள்.

அடுத்த பருவத்தில் தாடிக்காரன் மறுபடியும் வந்தான். ஒரே தடவையில், எதையும் உரசாமல், நடு இடத்தில் வந்து நின்றான். அவன் வீசிய கயிறு நேராக அவள் கைக்கு வந்தது. பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

“போன தடவை மாதிரி இல்லக்கா. கரையில நீங்க ஒரு ஆளா நின்னீங்க, அதான் சுலபமா வந்துட்டேன்.”

அவள் கயிற்றைக் குற்றியில் சுற்றி இறுக்கினாள். கடைசி இடத்தில் பழைய படகு சுவரை உரசிக்கொண்டு கிடந்தது.

“ஆமா தம்பி” என்றாள். “இனிமே ஒரு ஆள்தான்.”